ஓட்டில் ஜெயித்த கழிப்பறை

ஜிப்பக்காவின் கடையைக் கடை என்று சொன்னால் அவளே சிரிப்பாள். கடைத்தெரு நடுவில் நிற்கும் பழைய மாடிக் கட்டிடத்தில், படிக்கட்டு வளைந்து ஏறுகிற இடத்துக்கு அடியில் ஒரு முக்கோணப் பொந்து. நிமிர்ந்தால் தலை இடிக்கும். அதற்குள் கனத்த தையல் இயந்திரம் ஒன்று, ஒரு முக்காலி, ஜிப்பும் ரன்னரும் போட்டுவைத்த பிஸ்கட் டப்பாக்கள், மேலே எந்நேரமும் எரியும் ஒரு குழல்விளக்கு. பள்ளிக்கூடப் பையோ பயணப்பெட்டியோ மழைக்கோட்டோ, எதில் ஜிப்பு மக்கர் செய்தாலும் அவளிடம் கொண்டுவந்து போடுவார்கள். அவள் சொந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. கேட்டால், "ரேஷன் கார்டைப் பார்த்துத்தான் சொல்லணும்" என்பாள்.

அதே கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த மருந்துக்கடையில் நான் வேலை பார்த்தேன். என் கவுன்ட்டரிலிருந்து பார்த்தால் அவள் முதுகும் பாதி முகமும் தெரியும். வாடிக்கையாளர் இல்லாத மதிய நேரங்களில் நாங்கள் இருந்த இடத்திலிருந்தே பேசிக்கொள்வோம். அவள் புருஷன் ஒரு கிடங்கில் இரவுக் காவலாளி. அவர் வீட்டில் தூங்கும்போது இவள் கடையில் இருப்பாள், இவள் தூங்கும்போது அவர் கிடங்கில் இருப்பார். "எங்களுக்குள்ள சண்டையே கிடையாது. பார்த்துக்கிட்டாத்தானே வரும்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. தங்கச்சி ஒருத்தி உண்டு. அப்பா அம்மா அடுத்தடுத்துப் போய்விட்டபோது தங்கச்சிக்குப் பள்ளிக்கூட வயது. ஜிப்பக்காதான் அவளைப் படிக்கவைத்து ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்த்துவிட்டாள், பிறகு கல்யாணமும் செய்துகொடுத்தாள். தங்கச்சி புருஷன் காப்பீட்டு முகவர், கெட்டிக்காரர். கடைத்தெருவிலிருந்து பிரியும் சந்து முனையில் கடன் வாங்கி ஒரு வீட்டை வாங்கி, முன்னறையை இடித்துப் பெரிதாகக் கட்டிக்கொண்டிருந்தார். அந்த வீட்டைப் பற்றிப் பேசும்போது ஜிப்பக்கா குரலில், தானே கட்டுகிற மாதிரி ஒரு பெருமை வரும்.

கடைத்தெருவில் வேலை செய்த பெண்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு. அதை வெளியே சொல்ல மாட்டோம். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் பெண்கள் ஒதுங்க ஒரு இடம் கிடையாது. எங்கள் கட்டிடத்தில் முதல் மாடியில் ஒரு கழிப்பறை இருந்தது. அது அங்கிருந்த அலுவலகத்துக்குச் சொந்தம், பூட்டியே இருக்கும், சாவி அவர்கள் மேலாளர் மேஜையில். ஆண்களுக்குப் பின்பக்கச் சுவர் இருந்தது. நாங்கள் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே தண்ணீரை நிறுத்திவிடுவோம். டீ வந்தால் உதட்டை நனைத்துவிட்டு மீதியைப் பக்கத்துக் கடைக்காரருக்குத் தள்ளிவிடுவோம். மருந்துக்கடையில் இருந்ததால் எனக்கு இன்னொன்றும் தெரியும். தெருப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து, ஆள் இல்லாத நேரம் பார்த்து, கடுப்புக்கு மாத்திரை கேட்பார்கள். எதற்கு என்று நான் கேட்க மாட்டேன், அவர்களும் சொல்ல மாட்டார்கள்.

இதை வாய்விட்டுச் சொல்லவைத்தது பழக்காரம்மாவுக்கு நடந்தது. எங்கள் கட்டிட வாசலில் தள்ளுவண்டி போட்டிருந்த வயசான அம்மா அவள். சர்க்கரை நோய்க்காரி. அவளால் எங்களைப் போல அடக்க முடியாது. வண்டியை யாரிடமாவது பார்க்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடி ஓடி வருவாள். அன்று மாத முதல் வாரம், தெரு கொள்ளாத கூட்டம். வண்டியைச் சுற்றி ஆள். நகர முடியவில்லை. நின்ற இடத்திலேயே ஆகிவிட்டது. முதலில் யாரும் கவனிக்கவில்லை. பழம் வாங்க நின்ற ஒருத்தன் காலைப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றான். அவனைப் பார்த்து இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு எல்லாரும் பார்த்தார்கள்.

பழக்காரம்மா ஒரு ஆரஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். எடை போடவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. ஜிப்பக்கா பொந்திலிருந்து குனிந்து வெளியே வந்தாள். தைப்பதற்காக வந்திருந்த ஒரு பெரிய தார்ப்பாயை உருவி அந்த அம்மாவின் இடுப்பைச் சுற்றிக் கட்டி, தோளில் கைபோட்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வீடுவரைக்கும் கூட்டிப்போனாள். நான் வண்டியைப் பார்த்துக்கொண்டேன். வீட்டுக்குள் போனதும் அந்த அம்மா, "வண்டியை வித்துடச் சொல்லு" என்று மட்டும் சொன்னாளாம்.

அதற்குப் பிறகு அவள் கடைத்தெருப் பக்கம் வரவேயில்லை.

அந்த வருடம்தான் நகராட்சி ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தது. ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு தொகையை ஒதுக்கி, அதை எதற்குச் செலவழிப்பது என்று அங்கே இருக்கிறவர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யலாம் என்றார்கள். யார் வேண்டுமானாலும் யோசனை சொல்லலாம். தேர்ந்தெடுத்த யோசனைகளை ஓட்டுக்கு விடுவார்கள், ஜெயித்ததைக் கட்டிக்கொடுப்பார்கள். தட்டி கட்டி, ஆட்டோவில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லிக்கொண்டு போனார்கள். எங்களில் யாரும் நம்பவில்லை. ஜிப்பக்கா நம்பினாள்.

பள்ளிக்கூட மண்டபத்தில் யோசனைக் கூட்டம் நடந்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளரை நாங்கள் மைக் சார் என்போம், கையில் வந்த மைக்கைத் திருப்பிக் கொடுத்த வரலாறு கிடையாது. அவர் எழுந்து, தெரு முனையில் வார்டின் பெயர் தாங்கி ஒரு அலங்கார வளைவு, இரவில் ஒளிரும்படி விளக்குகளோடு, வேண்டும் என்றார். அது நம் எல்லாருடைய கௌரவம் என்றார். இன்னொருவர் பூங்காவில் உடற்பயிற்சிக் கருவிகள் கேட்டார். இன்னொருவர் கேமரா கேட்டார். வார்டு அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. எல்லாவற்றையும் தலையாட்டிக் குறித்துக்கொண்டிருந்தார்.

ஜிப்பக்கா எழுந்தாள். மைக் கைக்கு வர நேரமானது. வந்ததும் அதை ஊதிப் பார்த்தாள்.

"கடைத்தெருவுல பொம்பளைங்களுக்கு ஒரு கக்கூஸ் வேணும்" என்றாள்.

பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. மைக் சார் எழுந்து, சுகாதார வளாகம் என்று சொல்லலாமே என்று திருத்தினார். அவள் அவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத் தொடர்ந்தாள்.

"பேரு எதுவானாலும் சரி சார். நான் கல்யாணமான வருஷத்துலேர்ந்து இந்தத் தெருவுல உக்காந்திருக்கேன். காலையில வீட்டை விட்டுக் கிளம்பினா திரும்பிப் போறவரைக்கும் தண்ணி குடிக்கறதில்ல. குடிச்சா எங்கே போறது. இங்கே கடையில நிக்கற அத்தனை பொம்பளைங்களும் அப்படித்தான். இதை இத்தனை பேர் முன்னாடி சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. அடக்கிக்கிட்டு உக்கார்றது அதைவிடக் கஷ்டமா இருக்கு."

பழக்காரம்மாவைப் பற்றி அவள் சொல்லவில்லை. ஆனால் மண்டபத்தில் பாதிப் பேருக்கு அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். சிரிப்பு நின்றுவிட்டது. முதலில் கைதட்டியது அவள் தங்கச்சிதான். முன்வரிசையில் மகளோடு உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்று தட்டினாள். பிறகு நாங்கள் எல்லாரும் தட்டினோம்.

அதன் பிறகு வந்த வாரங்களில் ஜிப்பக்கா வேறு ஆளாகிவிட்டாள். ஜிப்பு மாற்ற வந்தவர்களை ஓட்டுக் கேட்காமல் அனுப்ப மாட்டாள். பையைக் கையில் கொடுத்துவிட்டு, விடாமல் பிடித்துக்கொண்டே, "ஞாயித்துக்கிழமை மறந்துடாதீங்க. கதவு படம் போட்ட பெட்டி" என்பாள். ஓட்டுச்சீட்டு கிடையாது. ஆளுக்கு டோக்கன் மாதிரி ஒரு வில்லை கொடுப்பார்கள், விருப்பப்பட்ட பெட்டியில் போட வேண்டும். பெட்டியில் ஒட்ட வேண்டிய படத்தைத் தங்கச்சிதான் வரைந்தாள். பாதி திறந்த ஒரு நீலக் கதவு. தங்கச்சி சாயங்காலங்களில் எங்களோடு வீடு வீடாக வந்தாள். துணிக்கடையில் நின்றிருந்த காலத்தில் தான் பட்டதை ஒவ்வொரு வீட்டிலும் பெண்களிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். ஜிப்பக்கா பேசினால் கேட்பார்கள். தங்கச்சி பேசினால் கண் கலங்குவார்கள். ஆண்கள் பக்கத்து அறையில் டீவி சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொள்வார்கள்.

ஓட்டு நாளன்று பள்ளிக்கூட மண்டபத்தில் வரிசை வாசல் தாண்டி நின்றது. ஒரு பாட்டியைத் தூக்கிக்கொண்டே வந்தார்கள். சாயங்காலம் எண்ணினார்கள். நீலக் கதவு கொஞ்ச வித்தியாசத்தில் ஜெயித்தது, வளைவு இரண்டாவது. மைக் சார் வந்து ஜிப்பக்காவுக்குக் கை கொடுத்தார். மக்கள் தீர்ப்பு மகேசன் தீர்ப்பு என்று மைக்கிலேயே சொன்னார். அக்காவும் தங்கச்சியும் மண்டப வாசலில் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். எதிர்க்கடையில் ஜிப்பக்கா ஒரு பாட்டில் சோடா வாங்கி, அத்தனை பேர் பார்க்க, கடைசிச் சொட்டுவரை குடித்தாள். பிறகு வேகவேகமாக வீட்டுக்கு நடந்தாள். நாங்கள் பின்னால் நின்று வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மறுநாள் அவள் பழக்காரம்மா வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். அந்த அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டாளாம். பிறகு, "கட்டி முடிச்சதும் சொல்லு. வண்டி இன்னும் விக்கல" என்றாளாம்.

எங்கே கட்டுவது என்கிற பேச்சு அதற்கப்புறம்தான் வந்தது.

முதலில் பேருந்து நிழற்குடைக்குப் பக்கம் என்றார்கள். அதை ஒட்டியிருந்த வங்கி, வாடிக்கையாளர்கள் முகம் சுளிப்பார்கள் என்று எழுதிக் கொடுத்தது. பிறகு பள்ளிக்கூட மதில் ஓரம் என்றார்கள். பெற்றோர்கள் கூடி வந்து, பிள்ளைகள் படிக்கிற இடம் என்றார்கள். பிறகு காய்கறிச் சந்தைக்குப் பின்னால். சாப்பிடுகிற பொருள் விற்கிற இடம் என்று வியாபாரிகள் ஒருநாள் கடையை அடைத்தார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் மைக் சார் அதே வார்த்தையைச் சொன்னார், எல்லாருக்கும் சம்மதம், இடம்தான் பிரச்சினை என்று. நாக்கில் தேன் தடவியது போலப் பேசுவார். அவர் தூண்டிவிட்டார் என்று எங்களில் சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாரும் தூண்டிவிடத் தேவையே இருக்கவில்லை. நாங்கள் வீடு வீடாகப் போனபோது கண் கலங்கிய பெண்களே ஒவ்வொரு இடத்திலும் எதிர்த்தவர்கள் கூட்டத்தில் நின்றார்கள். எங்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கடைசியில் வார்டு அதிகாரி ஜிப்பக்காவைக் கூப்பிட்டுப் பேசினார். அதிகாரியம்மாவுக்கு உண்மையிலேயே அக்கறை இருந்தது என்று நினைக்கிறேன். நகராட்சிக்குச் சொந்தமான இடம் இன்னும் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது என்றார். சந்து முனையில் இருக்கும் காலித் துண்டு. தண்ணீர்க் குழாயும் அங்கேயே இருக்கிறது. ஒட்டியிருக்கும் வீட்டுக்காரர் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டால் அடுத்த வாரமே வேலை தொடங்கிவிடலாம். போடாவிட்டால், மார்ச் மாதத்துக்குள் செலவழிக்காத பணம் விதிப்படி இரண்டாவதாக வந்த யோசனைக்குப் போய்விடும்.

ஒட்டியிருக்கும் வீடு தங்கச்சியுடையது. ஜிப்பக்கா அலுவலகத்திலேயே சிரித்துவிட்டாளாம். கைக்குள் வெண்ணெயை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நெய்க்கு அலைந்துவிட்டோமே என்ற மாதிரி ஒரு சிரிப்பு. காகிதத்தை வாங்கிக்கொண்டு நேரே மருந்துக்கடைக்கு வந்தாள். எனக்கு மதிய இடைவேளை. "வாடி, ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துடலாம்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

தங்கச்சி வீட்டில் முன்னறைக்கு அப்போதுதான் வெள்ளை அடித்து முடித்திருந்தார்கள். தரையில் செய்தித்தாள் பரப்பியிருந்தது. வாசனை போகட்டும் என்று ஜன்னலைத் திறந்துவைத்திருந்தார்கள். அந்த ஜன்னலுக்கு வெளியே தெரிந்ததுதான் அந்தக் காலித் துண்டு, முட்செடியும் உடைந்த செங்கல்லும். தங்கச்சி எங்களுக்குச் சேர் போட்டாள். ஜிப்பக்கா உட்காராமலே விஷயத்தைச் சொல்லிக் காகிதத்தை நீட்டினாள்.

தங்கச்சி அதைக் கையில் வாங்கவில்லை.

"அக்கா, கோச்சுக்காதே. இங்கே வேண்டாம்" என்றாள்.

ஜிப்பக்காவுக்கு முதலில் புரியவில்லை. "எங்கே வேண்டாம்?" என்றாள்.

"என் வீட்டு வாசல்ல. இந்த ரூமை ஒரு டாக்டருக்கு வாடகைக்கு விடறதாப் பேசி முடிச்சிருக்கோம். அவர் வந்து பார்த்துட்டுப் போயிட்டார். ஜன்னலைத் திறந்தா கக்கூஸ்னா யாரு வருவா. கடனை அந்த வாடகையிலதான் கட்டணும்."

"நீதானேடி கதவு படம் வரைஞ்சே."

"வரைஞ்சேன். ஓட்டும் போட்டேன். வேணும்னுதான் இப்பவும் சொல்றேன். இங்கே வேண்டாம்னுதான் சொல்றேன்."

தங்கச்சியின் குரலில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, உனக்கு ஒன்று என்றால் என் வீடு இல்லையா, எப்போது வேண்டுமானாலும் வா, எத்தனை தடவை வேண்டுமானாலும் வா, யார் கேட்கப்போகிறார்கள் என்றாள். நான் அங்கே நிற்பது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது போல. என்னையும் பார்த்து, நீயும் வா என்றாள். ஆனால் அதைச் சொல்லும்போது பார்வையை என் மீதிருந்து எடுத்துக்கொண்டாள்.

தெருவில் இருக்கிற மற்றவர்களை எங்கே அனுப்புவது என்று ஜிப்பக்கா கேட்டாள். ஊரில் இருக்கிறவர்களை எல்லாம் நீ ஏன் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறாய் என்று தங்கச்சி திருப்பிக் கேட்டாள். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்தது. துணிக்கடையில் நின்ற காலத்தில் இரவெல்லாம் கடுப்பில் அழுதாயே, அதற்குள் மறந்துபோச்சா என்றாள் அக்கா. மறக்கவில்லை, அதனால்தான் இந்த வீட்டில் மூன்று பாத்ரூம் கட்டியிருக்கிறோம் என்றாள் தங்கச்சி. ஜிப்பக்கா ஜன்னலுக்கு வெளியே அந்தக் காலித் துண்டைப் பார்த்தாள். பிறகு அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"உன்னை வளர்த்தவ கேக்கறேன். போடு கையெழுத்தை."

தங்கச்சி பிடித்திருந்த கையை விட்டுவிட்டாள்.

"இது வரும்னு தெரியும்" என்றாள். "எதுல ஆரம்பிச்சாலும் கடைசியில இதுலதான் வந்து நிக்கும். நீ வளர்த்தே, நான் வளர்ந்தேன். உன் புடவைதான் கட்டினேன், நீ சொன்ன வேலைக்குத்தான் போனேன், நீ பார்த்தவரைத்தான் கட்டிக்கிட்டேன். ஒரு தடவைகூட முடியாதுன்னு சொன்னதில்ல. இந்த வாசல் ஒண்ணுதான் எனக்குன்னு இருக்கு. இதுலயும் நீ வந்து நிப்பியா?"

பின்னறையிலிருந்து அவள் மகள் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். ஜிப்பக்கா காகிதத்தை மடித்தாள். சரியாக மடிக்க வரவில்லை, மறுபடியும் பிரித்து மடித்தாள். எங்களுக்கு டீ வைக்கவா என்று தங்கச்சி கேட்டாள். பழக்கத்தில் கேட்டிருப்பாள். நாங்கள் வந்துவிட்டோம்.

கடைக்குத் திரும்புகிற வழியில் ஜிப்பக்கா அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. பாதி வழியில் நின்று, "நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாதுடி" என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "சொல்லாட்டியும் போட்டிருக்க மாட்டா" என்றாள். பிறகு, "அவ சொன்னதுல என்ன தப்பு இருக்கு" என்றாள். மூன்றும் மூன்று ஆள் சொன்ன மாதிரி இருந்தது.

அதிகாரியிடம் அவளே போய்க் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். யார் மறுத்தது என்று சொல்லவில்லை. ஆனால் சந்து முனையில் ஒட்டியிருப்பது ஒரே வீடுதான், யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மைக் சார் ஒருநாள் கடை வழியாகப் போகும்போது நின்று, "சொந்தத் தங்கச்சியே ஒத்துக்கலைன்னா ஊர் எப்படிம்மா ஒத்துக்கும்" என்றார். இளக்காரமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். அது இன்னும் வலித்தது.

பழக்காரம்மாவிடம் அவள் போகவில்லை. என்னைப் போய்ச் சொல்லச் சொன்னாள். நானும் போகவில்லை. நாளை போகலாம், நாளை போகலாம் என்று இருந்துவிட்டேன். வண்டியை விற்றுவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

தெரு முனையில் வளைவு எழும்பியது. இரண்டு பக்கமும் தூண், மேலே வார்டின் பெயர், அதைச் சுற்றிக் கலர் விளக்குகள். திறப்பு விழாவுக்கு வளைவின் பெயர்ப்பலகையை மூட ஒரு பெரிய துணி தேவைப்பட்டது. கயிற்றை இழுத்தால் சிக்காமல் வழுக்கி விழ வேண்டும். அவ்வளவு பெரிய துணியைத் தைக்கிற இயந்திரம் எங்கள் பக்கத்தில் ஜிப்பக்காவிடம்தான் இருந்தது. மைக் சார் தயங்கித் தயங்கித்தான் வந்தார். அவள் துணியை வாங்கி அளந்தாள். எப்போது வேண்டும் என்று கேட்டாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்கு ரோஷமே இல்லையாக்கா. நீயா தைச்சுக் குடுக்கணும்?" என்றேன்.

"எதை மூடப்போறோம்னு துணிக்குத் தெரியுமா" என்றாள். தலையை நிமிர்த்தவில்லை. இரண்டு நாள் அவள் முன்னால் அந்தச் சிவப்புத் துணி மலையாகக் குவிந்து, பொந்தை விட்டு வழிந்து, எங்கள் கடை வாசல்வரை கிடந்தது. ஓரமெல்லாம் இரட்டைத் தையல். கயிறு ஓடும் வளையங்கள் ஒவ்வொன்றையும் இழுத்து இழுத்துப் பார்த்தாள். கொஞ்சம் கோணலாகத் தைத்துவிட்டால் விழாவன்று சிக்கிக்கொண்டு நிற்கும், வேடிக்கையாக இருக்கும் என்று நான் சொன்னேன். அவள் அடுத்த வளையத்தை இழுத்துப் பார்த்தாள்.

துணி ஒரே இழுப்பில் விழுந்தது. கைதட்டல் எங்கள் கடைவரை கேட்டது. ஒலிபெருக்கியில் மைக் சார், மக்கள் கேட்டார்கள், மக்களுக்குக் கிடைத்தது என்றார். ஜிப்பக்கா அந்த நேரம் ஒரு பள்ளிக்கூடப் பையைப் புரட்டிப் போட்டு அடிப்பக்கம் தைத்துக்கொண்டிருந்தாள். இயந்திரச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டதோ என்னவோ.

அந்தக் கோடையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. எங்கள் கடை மாத்திரைக்கு அடங்கவில்லை. குளிரில் நடுங்கிக்கொண்டே முக்காலியிலிருந்து சரிந்தவளை நாங்கள்தான் தூக்கி ஆட்டோவில் போட்டோம். தொற்று சிறுநீரகம்வரைக்கும் ஏறியிருந்தது. ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்று இளம் டாக்டர் ஒருவர் அவளைக் கடிந்துகொண்டார். தினமும் இத்தனை லிட்டர் என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். அவள் சரி டாக்டர் என்றாள்.

தங்கச்சி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கஞ்சி கொண்டுவந்து ஸ்பூனால் ஊட்டினாள், துணி மாற்றிவிட்டாள், இரவும் கூடவே தங்கினாள். இருவரும் காய்ச்சலைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள். அந்த ஜன்னல் பேச்சை யாரும் எடுக்கவில்லை. வீடு திரும்பும் நாளன்று, வாசலில் ஆட்டோவுக்குக் காத்திருந்தபோது, தங்கச்சி மெதுவாக, டாக்டர் வாடகைக்கு வரவில்லை என்றாள். வேறு இடம் பார்த்துக்கொண்டாராம். ஜிப்பக்கா, "அப்படியா" என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

அவள் மறுபடியும் பொந்துக்கு வரவில்லை. ஊருக்கு வெளியே திறந்திருந்த பெரிய வணிக வளாகத்தில் பயணப்பெட்டிகள் விற்கிற கடையில் சம்பளத்துக்குச் சேர்ந்துகொண்டாள். சொந்தத் தொழிலை விட்டுவிட்டுச் சீருடை போட்டு அடுத்தவனிடம் நிற்கிறாளே என்று தெருவில் பேசினார்கள். அவள் புருஷன் மட்டும், இனிமேல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியிருக்குமோ என்று பயந்தாராம், கடை இரவுவரைக்கும் திறந்திருக்கும் என்று தெரிந்ததும் நிம்மதியானாராம். இதை அவளே சொன்னாள். ஏன் போனாய் என்று நான் கேட்கவில்லை. அந்த வளாகத்தில் மாடிக்கு மாடி வேலைக்காரர்களுக்கும் கழிப்பறை உண்டு என்று எனக்குத் தெரியும்.

அடுத்த வருடமும் ஓட்டு வைத்தார்கள். அதிகாரியம்மா ஆளனுப்பி, வருகிறாயா என்று கேட்டாராம். எனக்கு ஷிஃப்ட் இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். அந்த வருடம் கேமரா ஜெயித்தது. நான் போய் வில்லை வாங்கினேன். கழிப்பறைக்குப் பெட்டியே வைக்கவில்லை. உடற்பயிற்சிக் கருவியில் போட்டுவிட்டு வந்தேன்.

போன மாதம் அவளைப் பார்க்க அந்தக் கடைக்குப் போயிருந்தேன். நான் பேசிக்கொண்டு நிற்கும்போதே தங்கச்சியும் மகளும் வந்தார்கள். மகள் வெளியூரில் கல்லூரிக்குப் போகிறாள், பெட்டி வேண்டுமாம். நகரத்தில் எத்தனையோ கடை இருக்க அவர்கள் அங்கேயே வந்தது சும்மா இல்லை. ஜிப்பக்கா ஒன்றன்பின் ஒன்றாகப் பெட்டிகளை இறக்கிவைத்தாள். சக்கரம் இழுத்துக் காட்டினாள், கைப்பிடியை நீட்டி மடக்கிக் காட்டினாள். பெண்ணின் தலையைத் தடவி, என்ன படிப்பு என்று கேட்டாள். தங்கச்சி பேரம் பேசவில்லை. அக்கா எதைச் சொன்னாளோ அதையே எடுத்துக்கொண்டாள். ஜிப்பக்கா அந்தப் பெட்டியின் ஜிப்பைக் கடைசிவரை இழுத்துத் திரும்பக் கொண்டுவந்து சரிபார்த்துக் கொடுத்தாள். எல்லாருக்கும் அப்படித்தான் செய்வாள்.

"வீட்டுப் பக்கம் வாக்கா. வந்து ரொம்ப நாளாச்சு" என்றாள் தங்கச்சி.

"வர்றேன்" என்றாள் ஜிப்பக்கா.

அவர்கள் நகரும் படிக்கட்டில் இறங்கி மறையும்வரை நின்று பார்த்தாள். நான் ஏதாவது சொல்லட்டும் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. அதற்குள் ஒருவர் வந்து, விமானத்துக்குள் கொண்டுபோகிற அளவில் கறுப்பில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அவள் ஏணியை எடுத்துப் போட்டு மேலே ஏறினாள்.